செருகாத வயர்

டி.வி. ஸ்டாண்டில் இரண்டு ஜாய்ஸ்டிக்குகள் குடியிருந்தன. கறுப்பை வைத்து அண்ணன் பரணி கார் பந்தய கேம் ஆடுவான். சிவப்பு தங்கை மேகலாவுக்கு.

"உங்க மேகலா இடப்பக்கம் திருப்பினா கார் வலப்பக்கம் போகுது," என்று கறுப்பு சிரித்தது. "பொம்பளப் பிள்ளைங்களுக்கு வழி பிடிபடாது. பிறவியே அப்படி. அவகிட்டேருந்து உன்னை வாங்கி, பரணியோட சிநேகிதனுக்குக் குடுத்துடப் போறாங்க."

"என் வயரைப் பாருங்கண்ணே, செருகவே இல்லை," என்றது சிவப்பு. "அந்தக் காரை கேமே ஓட்டுது. பரணி என்னை அவ கையில குடுத்து, நீதான் ஓட்டுறேன்னு ஏமாத்துறான்."

"சாக்குச் சொல்லாதே."

தீபாவளிக்கு வீடு துடைத்த அம்மா இரண்டு வயரையும் ஒழுங்காகச் செருகிவிட்டார். அன்று மேகலாவின் கார் சுவரில் மோதியது. மறுநாள் குளத்தில் விழுந்தது. போகப்போக மலைப்பாதையின் குறுக்கு வழியெல்லாம் அவளுக்கு அத்துப்படி ஆயிற்று. பொங்கலன்று பரணியின் கார் முட்டுச்சந்தில் திணறிக்கொண்டிருக்க, அவள் கார் எல்லைக்கோட்டைத் தாண்டி நின்றது.

கறுப்பு மெல்லக் கேட்டது:

"ஏம்மா, பின்னால கொஞ்சம் எட்டிப் பாரேன். என் வயரை யாராவது உருவிட்டாங்களா?"