கம்பியை மூடிய கை

"வெட்டிடாதீங்கண்ணே. முதல்ல இது யாரு கை வேலைன்னு பார்த்துச் சொல்லுங்க."

தூண்டில் கடைக்காரர் கத்தரியைக் கீழே வைத்தார். நூல் சிக்கிய தூண்டில் ரீலைக் கொண்டுவருகிறவர்கள் எப்போது கிடைக்கும் என்றுதான் கேட்பார்கள். கைரேகை எடுக்கச் சொன்ன முதல் ஆள் இவள்தான்.

"யாரு கைன்னா? உங்க வீட்டுக்காரர் ரீல்தானேம்மா இது. நான்தானே வித்தேன்."

"அவரோடதுதான். அவர் நூல் சிக்கி நான் பார்த்ததே இல்லை. நேத்து அலமாரியைத் திறந்தா, துணிக்குப் பின்னாடி இப்படிக் கிடக்குது. பதினெட்டு வருஷமா ஞாயித்துக்கிழமைன்னா ரெண்டு பேரும்தான் ஏரிக்குப் போவோம். இப்போ ஆறு மாசமா, 'நீ வீட்ல ரெஸ்ட் எடு'ங்கறார். திரும்பி வந்தா மீனும் இல்லை, பேச்சும் இல்லை."

கடைக்காரர் நூலின் நுனியைப் பிடித்து ஒரு முழம் இழுத்துத் தளர விட்டார். அது தன்னைத் தானே சுற்றிக்கொண்டு சுருண்டது.

"நல்லா முறுக்கேறியிருக்கு. ஒரு நாள் ரெண்டு நாள் வேலை இல்லை. வீசினதும், ரீல் மேல இருக்கற இந்த வளைவுக் கம்பியை விரலால தூக்கி மூடணும். மூடிட்டு..."

"நூலை ஒரு இழு இழுத்து விறைப்பாக்கிட்டுச் சுத்தணும். என்னைத் திட்டித் திட்டி அதைத்தானே பழக்கினார்."

"அதேதான். கைப்பிடியைச் சுத்தினாலும் கம்பி தானா மூடிக்கும். ஆனா நூல் தொளதொளன்னு ஏறும், ஒவ்வொரு தடவையும் ஒரு முறுக்கு விழும். இதுல ஒரு தடவைகூட விரலால மூடலை. யாரோ புதுசா பழகற ஆள் போலிருக்கு."

அவள் நினைத்தது நினைத்தபடியே இருக்கிறது.

கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. போன வருஷம் ஒருத்தியை வேலைக்குச் சேர்த்தார். முப்பது வயசு, சிரித்தால் கன்னத்தில் குழி. எள்ளளவு திருகாணியைக்கூட இத்தனை வருஷம் யாரையும் தொட விடாத மனுஷர், இப்போது எல்லாவற்றையும் அவளிடம் தள்ளிவிட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார். கேட்டால், "கத்துக்கட்டுமே, பாவம்" என்கிறார். பாவமாம்.

வீட்டிலோ புதுசாகப் பாசம் பொங்குகிறது. தப்புப் பண்ணுகிற ஆம்பளைதான் திடீரென்று இப்படிக் குழைவான் என்று அக்கா அப்போதே சொன்னாள். தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டியபடி முன்னால் வந்து நிற்கிறார். "நீ பொத்தான் போட்டுவிட்டாத்தான் எனக்கு அந்த நாள் நல்லாப் போகுது" என்கிறார். இன்றைக்கும் போட்டுவிட்டாள். வெட்கம் கெட்ட மனசு, அதில் கொஞ்சம் சந்தோஷமும் பட்டுத் தொலைத்தது.

"ஆள் யாருன்னு எனக்குத் தெரியும்ணே. வீட்டுக்குப் போய் முகத்துக்கு நேரா கேட்டுடறேன்" என்று ரீலை எடுக்கப் போனாள். "பதினெட்டு வருஷம்ணே. எனக்கு அவரை விட்டா யாரு இருக்கா?"

"இருங்கம்மா, அவசரப்படாதீங்க."

அவர் நூலை உருவிக்கொண்டே போனார். மேஜை நிறைந்து தரையில் விழுந்தது. திடீரென்று நிறுத்தினார்.

"புது ஆள் இல்லைம்மா. பழகற ஆள் வீசினா பதினஞ்சு அடி போகும். மேல இருக்கற நூல்தான் கெடும். இங்க சுருளோட அடி வரைக்கும் முறுக்கு. அவ்வளவு தூரம் வீசற தோள் இந்த ஊர்ல ஒருத்தருக்குத்தான் இருக்கு."

"அவரேவா? நல்லாத் தெரியுமா? வேற யாரும் இல்லையே?"

"சத்தியமா இல்லை."

அக்கா சொன்னதை நினைத்து அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "அப்போ சோம்பேறித்தனம்! எனக்கு மட்டும் ஊர்ப்பட்ட உபதேசம் பண்ணுவார், பாருங்க."

கடைக்காரர் சிரிக்கவில்லை. நூலின் நுனியில் தூண்டில் முள் கட்டியிருந்த முடிச்சை வெளிச்சத்தில் காட்டினார்.

"இது நான் போட்ட முடிச்சு. அஞ்சாறு மாசம் முன்னாடி கட்டித் தரச் சொன்னார், கண்ணு சரியா தெரியலைன்னார். கண்ணாடிக் கடைக்காரருக்கே கண்ணு தெரியலையான்னு கிண்டல்கூடப் பண்ணினேன். வாராவாரம் முடிச்சை மாத்தற மனுஷர், இதை இன்னும் மாத்தலை."

"அதனால?"

"கைப்பிடியை உள்ளங்கையால தள்ளியே சுத்திடலாம்மா. கம்பியைத் தூக்கவும் முடிச்சுப் போடவும்தான் விரல் வேணும்." அவர் குரல் தணிந்தது. "சார் டாக்டர் யாரையாவது பார்த்தாரா?"

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். ஆறு மாசமாக அவர் ஒரு பொத்தான்கூடத் தானாகப் போட்டதில்லை. ஒரு நாள்கூடக் கையை முன்னால் கொண்டுவந்ததும் இல்லை.

தரையில் கிடந்த நூலை வாரி எடுத்துக் கடைக்காரர் கையில் திணித்தாள்.

"இன்னொரு தடவை நல்லாப் பாருங்கண்ணே. வேற யாரோதான். அவர் கடையில வேலை பார்க்கற அந்தப் பொண்ணுதான்னு சொல்லுங்கண்ணே."