இரவலுக்கு வந்த ஒபதியா

"குளிக்கிற தொட்டியையுமா கேக்கறே?"

அம்புரோஸுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வாசலில் நின்ற பக்கத்துப் பண்ணைக்காரன் ஒபதியா அசரவில்லை.

"ஆமாண்ணே. எனக்கு அவசரமா வேணும்."

"எத்தனை தடவை சொல்றது? ஐயான்னு கூப்பிடு!"

"இங்க யாரும் யாருக்கும் ஐயா இல்லேண்ணே. அதுக்குத்தானே உங்க இங்கிலாந்து ராஜாவையே வேணாம்னோம்."

இங்கிலாந்திலிருந்து கப்பலேறி, மலை தாண்டி, அமெரிக்காவின் இந்த ஒஹையோ காட்டுக்கு அம்புரோஸ் வண்டி நிறையக் கொண்டுவந்த சாமான்களில் முக்கால்வாசி இப்போது ஒபதியா வீட்டில் இருந்தது. முதலில் குடை போனது. அப்புறம் பொய்முடி மாட்டும் கட்டை. அப்புறம் வெள்ளித் தேநீர் ஜாடி. எதுவும் திரும்பி வரவில்லை.

ஒன்று மட்டும் உண்டு. ஒபதியா வெறுங்கையோடு வரமாட்டான். இன்றும் சோளமாவு மூட்டையை இறக்கிவைத்தான். "இரவலுக்கு வர்றப்ப எதையாச்சும் கொண்டாரது எங்க ஊரு வழக்கம்" என்று சொல்லிவிட்டு, தகரத் தொட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தான்.

"வெக்கங்கெட்ட ஜனங்க, ஹெஸ்டர்! இவங்களைப் பத்தி ஒரு புத்தகமே எழுதலாம்" என்றார் அம்புரோஸ்.

நிறைமாதமாக இருந்த மனைவி ஹெஸ்டர் மூட்டையைப் பிரித்தாள். "நாம விதைச்ச கோதுமை அழுகிப்போச்சு. இந்த மாவைத்தானே சாப்பிடறோம்?"

"இது வாடகை! அதுவும் கம்மி. முன்னே ஒருநாள் சும்மா மூட்டையைத் தூக்கிட்டு வந்தானே, வாங்கினேனா? பிச்சை வேண்டாம்னு துரத்தலே?"

அதன்பிறகு ஒபதியாவைக் காணோம். மாவுப் பானை காலியானது. ஹெஸ்டர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

சாமான்களை மொத்தமாக அமுக்கிவிட்டான் என்று கொதித்துப்போய், கொட்டும் மழையில் நனைந்தபடி ஒபதியா வீட்டுக்குப் போனார் அம்புரோஸ். தட்டக் கையை ஓங்கியபோது உள்ளே ஒபதியாவின் மனைவி கெசியாவின் குரல் கேட்டது.

"அந்தப் புள்ளத்தாச்சி பட்டினி கெடப்பாளே! மாவை எடுத்துட்டுப் போங்க."

"சும்மா குடுத்தா அந்த ரோஷக்காரர் வாங்குவாரா?"

"எதையாச்சும் இரவல் கேக்கறது!"

"இன்னும் என்னத்தடி கேக்க? ஒண்ணுகூட நமக்கு உபயோகமில்லே. கொட்டில்ல எடமில்லாம பசு வெளியில நனையுது. இனி அந்த வீட்டுல பாக்கி இருக்கறது அவரும் அவர் பொண்டாட்டியும்தான்!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. அம்புரோஸை வெட்கம் பிடுங்கித் தின்றது. கொஞ்ச நேரம் மழையிலேயே நின்றுவிட்டு, மெதுவாகத் தட்டினார்.

கதவைத் திறந்த ஒபதியா பதறினான். "என்னண்ணே, இந்த மழையில?"

அம்புரோஸ் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். சொட்டிய தண்ணீரை உதறிவிட்டு நீட்டினார்.

"தம்பி, இதை நீ இன்னும் இரவல் கேக்கவே இல்லையே?"