மாறாத எண்

“இன்னொரு தடவை அளந்து பாரும்மா,” என்றார் தலைமை ஆய்வாளர்.

காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். மீட்டர் கம்பெனிக்காரன் இவரை நன்றாகவே கவனித்துவிட்டான் என்று ஆய்வக உதவியாளரான அவளுக்குத் தோன்றியது. மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகாத மனிதர். அதற்குள் ஒரு வாரம் லீவு வேறு.

குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் நைட்ரஜன் கசிந்து ஓர் ஊழியர் இறந்துபோயிருந்தார். பிராணவாயு குறைந்தால் காட்டவேண்டிய மீட்டர் கையில் இருந்தும் உள்ளே போயிருக்கிறார். மீட்டர் சரியான எண்ணைக் காட்டியது என்றால் நாளைய விசாரணையில் பழி முழுவதும் செத்தவர் தலையில். கோப்பில் அவருக்குப் பெயரோ வயதோ கிடையாது, ‘ஊழியர்’, அவ்வளவுதான்.

அந்த மீட்டர் திரையின் திரவப் படிகத்தை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து, சோதனைக் கருவிக்குள் கிடங்கின் அளவுக்கே குளிரவைத்தாள். மின்சாரத்தை நிறுத்தினால் படிகம் சட்டென்று பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அப்போதுதான் திரையில் எண் மாறும். இதுவோ உறைந்த நெய்போல இறுகி, அசைய மனமில்லாமல் அசைந்தது. அதற்குள் ஓர் ஆள் மயங்கி விழுந்துவிடலாம்.

“அதேதான் சார். குளிர்ல பாகுத்தன்மை எக்கச்சக்கமா ஏறிடுது. எண் மாறவே அரை நிமிஷம் ஆகுது.”

“மெஷின்ல ஏதாவது கோளாறு இருக்கும்.”

“அதையும் சரிபார்த்தாச்சு சார்.”

“இருபத்திமூணு வயசுப் பையன். மீட்டரைப் பாக்காமலே உள்ள ஓடியிருப்பான். அப்படி இருக்கக் கூடாதா?”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவன் எழுந்துவந்து மறுக்கப்போவதில்லை என்ற தைரியம்தானே. வேலை போனால் போகட்டும் என்று எழுந்து நின்றாள்.

“நூறு தடவை அளந்தாலும் இதுதான் வரும். மாத்தி எழுத வேற ஆளைப் பாருங்க சார்.”

அவர் அறிக்கையை இழுத்து, அவள் அளந்த அளவையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடத்தான் அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

“அப்புறம் எதுக்கு சார் இவ்வளவு இழுத்தடிச்சீங்க?” அவள் கோபம் இன்னும் தணியவில்லை.

“உள்ள போகப் பயமா இருக்குன்னு ஃபோன் பண்ணினாம்மா. மீட்டரை நம்பிப் போடான்னு சொன்ன அப்பன் நான்தான்.”