சர்க்கரை சேர்க்காத பீர்

ஷெட்டில் நெவில் தானே காய்ச்சி அடைத்து வைத்த இருபத்து நான்கு பீர் பாட்டில்களும் வெடித்துக் கிடந்தன. வரும் ஞாயிற்றுக்கிழமை ஆஸ்திரேலியாவின் பல்லாரட் நகரில், வீட்டில் காய்ச்சிய பீருக்கான வருடாந்திரப் போட்டி.

"அந்தக் கடைக்காரன் மட்டமான பாட்டிலை என் தலையில கட்டிட்டான்! இப்பவே போய் அவனை உண்டு இல்லைன்னு பண்றேன்!" நெவில் கார் சாவியை எடுத்தான்.

"இரு. பாட்டில்ல சர்க்கரை சேத்தியா?" என்றாள் மனைவி க்ளெனிஸ்.

"என்னைப் பாத்தா கேக்கறே? நுரை வர்றதுக்கு ஊரே பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை போடுது. நான் ஒருத்தன்தான் போடாமலே ஒன்பது வருஷமா கோப்பை ஜெயிக்கிறேன்!"

"சேத்தியா, இல்லையா?"

அவன் குரல் இறங்கியது. "இந்த வாட்டி மட்டும்... நுரை கொஞ்சம் தூக்கலா இருக்கட்டுமேன்னு ஒரே ஒரு ஸ்பூன். அதுக்கா வெடிக்கும்?"

"ஒண்ணுக்கு வெடிக்காது. ரெண்டுக்கு வெடிக்கும்."

"ரெண்டா?"

"மூடி போடறதுக்கு முன்னாடி நீ டீ குடிக்கப் போவே இல்ல? ஒன்பது வருஷமா அப்பத்தான் நான் பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் போடறேன். சொல்லிட்டுப் போட்டா உன் கௌரவம் என்ன ஆகறது?"

நெவில் சாவியைக் கீழே வைத்தான்.

க்ளெனிஸ் கூடத்திலிருந்த ஒன்பது கோப்பைகளையும் வாரிக்கொண்டு போய், சமையலறையில் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கினாள்.