கட்டிலுக்கடியில் சப்பாத்து

பெண் பார்க்க வருபவர்கள் நாலந்தா ஊரைத் தாண்டிவிட்டார்கள் என்று ஃபோன் வந்ததும் நுஹ்மானுக்கு வியர்த்துவிட்டது.

"ஸஹ்னா, அந்தக் காட்டு ஓவியங்கள எல்லாம் கழட்டு. கேமராவ அலுமாரிக்குள்ள வை. சேத்துச் சப்பாத்துச் சோடியக் கட்டிலுக்கடியில தள்ளு."

"படம் கீறுறது குத்தமா மாமா?"

"ரிவர்ஸ்டன் மலையெல்லாம் அலையிற பொம்பிள ஈக்கிற வீட்டுல யாரு ஒனக்குச் சம்பந்தம் பேசுவாங்க?"

வந்தவர்கள் சந்தோஷமாகத்தான் பேசினார்கள். மாப்பிள்ளையின் தாய் வட்டிலப்பத்தை வாயில் வைத்தபோது, கட்டில் இருந்த அறையிலிருந்து ஓர் அட்டை நெளிந்து நெளிந்து வெளியே வந்தது.

"தோட்டத்து அட்டை," என்றார் நுஹ்மான் அவசரமாக.

"இந்த வெயிலுக்கா? இது காட்டு அட்ட. காட்டுக்குப் போறது யாரு?" அந்த அம்மா ஸஹ்னாவை உற்றுப் பார்த்தார்.

ஸஹ்னா தலையை நிமிர்த்தினாள். "எங்கட உம்மா."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மூலையில் இருந்த ஸைனம்புவை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வாப்பா மௌத்தானதுக்குப் பொறகு அவர்ட கேமராவத் தூக்கிட்டுப் போறாங்க. படம் புடிச்சு வந்து அதப் பாத்துக் கீறுவாங்க."

தன் தங்கை ஸைனம்பு சம்பந்தத்தைக் கெடுத்துவிட்டாள் என்று நுஹ்மான் கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளையின் தாய் கதிரையை ஸைனம்புவின் பக்கம் இழுத்துப்போட்டார்.

"நானும் தனிச்சுப்போனவதான் ராத்தா. ஊட்டுக்குள்ளயே ஈந்து விசர் புடிக்குது. என்னையும் கூட்டிட்டுப் போவீங்களா?"

ஸைனம்பு சிரித்தார். "அட்ட கடிக்கும்."

"கடிக்கட்டும்."

நுஹ்மான் மெதுவாகக் கண்ணைத் திறந்தார். "அப்ப கலியாணம்?"

"நீங்க சொல்லுற நாளில வெப்போம் நுஹ்மான் நானா. மழைக்காலத்துல மட்டும் வாணாம். நாங்க ரெண்டு பேரும் காட்டுல ஈப்போம்."