கதவைத் தட்டியது யார்?

"டாக்டர், இன்னிக்கு வேணாமே! சாயங்காலம் படத்துக்குப் போகணும். ஒரு மாத்திரை மட்டும் குடுத்து அனுப்பிடுங்க, புண்ணியமாப் போகும்!"

பல் டாக்டரின் நாற்காலியில் பாதி உட்கார்ந்தும் பாதி எழுந்தும் கெஞ்சிக்கொண்டிருந்தார் கிரேன் ஓட்டுநர். பதினைந்து மாடி உயரத்தில், கூண்டுக்குள் தன்னந்தனியாக உட்கார்ந்து இரும்புத் தூண்களைத் தூக்குகிற மனிதர். அங்கிருந்து குனிந்து பார்த்தால்கூட அவருக்குத் தலை சுற்றாது. ஆனால் பல் பிடுங்கும் குறட்டைக் கண்டால் மட்டும் கண் வாசலைத் தேடும். இதே நாற்காலியிலிருந்து ஏற்கெனவே இரண்டு தடவை ஓட்டம் பிடித்தவர்.

"மூணு மணி நேரப் படத்தை இந்த வீங்கின கன்னத்தோட எப்படிடா பாப்ப? பேசாம உட்காரு!" என்று அதட்டினாள் கூட வந்திருந்த அக்கா. டாக்டரம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வெளியே போனாள்.

ஊசி போட்டாயிற்று. கன்னம் மரக்கத் தொடங்கியது.

"அப்படி என்ன படம் சார்?"

"அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கப்பலேறிப் போவாங்களே, அந்தக் கதை டாக்டர்! படமா வராதா, வராதான்னு எத்தனை வருஷமாக் காத்துக் கிடக்கோம்!" வீங்கிய கன்னத்தையும் மீறி அவர் முகம் மலர்ந்தது.

அந்தக் கதையை அறியாதவர்களே கிடையாது. கடலுக்குப் போன இருவரில் ஒருவன்தான் பிழைத்து வருகிறான். கொட்டுகிற மழையில் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது. அம்மா தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அதோடு கதை முடிந்துவிடும். வந்தது அண்ணனா தம்பியா என்று சொல்லாமலேயே எழுதியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பள்ளிக்கூட நாளிலிருந்து அக்கா அண்ணன் கட்சி, இவர் தம்பி கட்சி. இதற்காக ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொள்ளாததுதான் பாக்கி. இப்போது படத்தில் அந்தக் கதவைத் திறந்தே காட்டிவிட்டார்களாம்! நேற்றுப் படம் வெளியானதிலிருந்து அவர் போனைத் தொடவில்லை. வேலையிடத்தில் எவனாவது படப் பேச்சை எடுத்தால் சாப்பாட்டு டப்பாவோடு கிரேன்மேல் ஏறிவிடுவார்.

"அட, அந்தப் படமா?" டாக்டரம்மாவின் கண்கள் விரிந்தன. "நேத்தே பாத்துட்டேனே!"

"ஐயையோ, சொல்லிடாதீங்க..." என்று அவர் முடிப்பதற்குள் வாய்க்குள் பஞ்சும் எச்சில் உறிஞ்சும் குழாயும் புகுந்துவிட்டன.

"என்னமா எடுத்திருக்காங்க தெரியுமா? அந்தப் புயல் வருதே, நானே சீட்டைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன்."

அவர் கையை வேகமாக ஆட்டினார்.

"வலிக்குதா?"

இல்லையென்று தலையாட்டினார்.

"அப்ப சரி. கடைசி சீன் இருக்கே, தியேட்டர்ல ஒரு இருமல் சத்தம் கிடையாது. மழை பேயாட்டம் கொட்டுது. யாரோ கதவைத் தட்டறாங்க..."

"ஆ... ஆங்... வே..."

"இன்னும் கொஞ்சம் அகலமா. ஆங், அப்படித்தான். அம்மா மெதுவா எழுந்து வராங்க..."

அவர் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். "கையை மடியில வைங்க சார், தட்டைத் தட்டிவிட்டுடப் போறீங்க" என்றார் டாக்டரம்மா. வேறு வழியில்லாமல் அவர் தொண்டைக்குள்ளேயே ஏதோ ஒரு பாட்டை முனகத் தொடங்கினார். அதையும் மீறிக் குரல் காதில் விழுந்தது.

"தாழ்ப்பாளை எடுக்கறாங்க. கதவு கிர்ர்ருனு திறக்குது..."

எங்கோ கடக்கென்று சத்தம் கேட்டது. அதைக் கவனிக்கிற நிலையிலா அவர் இருந்தார்?

"விளக்கைத் தூக்கிப் புடிக்கறாங்க. முதல்ல கால் தெரியுது. அப்புறம் நனைஞ்ச சட்டை. அப்புறம் அந்த முகம்..."

அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். இத்தனை வருஷ ஆசை இப்படி ஒரு சொத்தைப் பல்லால் பாழாகிறதே என்று அழுகையே வந்துவிட்டது.

"அவ்வளவுதான், முடிஞ்சுது. பஞ்சை நல்லாக் கடிச்சுக்குங்க."

பெயரைக் கேட்பதற்குமுன் பேச்சு நின்றதே என்று அவருக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் கோபமும் வந்தது. பஞ்சுக்கு நடுவிலேயே பொரிந்து தள்ளினார். "நீங்க நல்லா இருப்பீங்களா டாக்டர்? பல்லைப் புடுங்கச் சொன்னா உயிரையே புடுங்கறீங்களே! கதை பேசாம சட்டுபுட்டுனு பல்லைப் புடுங்கிவிடுங்க, நான் கிளம்பணும்!"

டாக்டரம்மா தட்டை நீட்டினார். அதில் மூன்று வேரோடு ஒரு கடைவாய்ப்பல் கிடந்தது.

அவர் நாக்கால் துழாவிப் பார்த்தார். இடம் காலியாக இருந்தது.

"கதையைக் காப்பாத்தற கவலையில பல்லை மறந்துடுவான்னு உங்க அக்காதான் வழி சொல்லிக் குடுத்தாங்க" என்று சிரித்தபடி கையுறையைக் கழற்றினார் டாக்டரம்மா. "நான் எங்க சார் படம் பாத்தேன்? எனக்கு நாளைக்கு ராத்திரிதான் டிக்கெட்டு. காலையில புண்ணைக் காட்ட வரப்ப, வந்தது அண்ணனா தம்பியான்னு உளறிக் கொட்டிடாதீங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்!"