லோகாம்பாள் தூர்த்த குளம்

கொம்யூன் பஞ்சாயத்து ஓவர்சியர் செல்லையனுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. சுரக்குடி லோகாம்பாள் தன் கொல்லையில் இருந்த குளத்தைத் தூர்த்துவிட்டாளாம்.

இன்னொரு குளம் காணாமல் போனால் ஏனாமுக்கு மாற்றல் என்று கமிஷனர் போன வாரம்தான் சொல்லியிருந்தார். ஏனாமில் தெலுங்கு பேசுவார்கள். செல்லையனுக்குத் தமிழிலேயே கோப்பு எழுத வராது.

சைக்கிளை மிதித்துப் போய் இறங்கினார். கொல்லை முழுக்கக் கத்தரிச் செடி. அதை விற்றுத்தான் அவள் பிழைப்பு. நடுவில் புதுச் சந்தைக் கட்டடத்துக்காகக் கொம்யூன் ஊன்றிய அளவுக்கல் நின்றது. லோகாம்பாள் எங்கிருந்தோ தண்ணீர்க் குடத்தைச் சுமந்து வந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா, இங்க குளம் இருந்துச்சாமே?"

"குளமா? எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றவள், அவசரமாக வைக்கோலை இழுத்து எதையோ மூடினாள்.

செல்லையன் விடுவாரா? வைக்கோலை விலக்கினார். பாசி படிந்த துவைகல். பக்கத்திலேயே காய்ந்த அல்லித்தண்டு.

"சந்தைக்கு இடம் எடுக்கறாங்கன்னதும், குளத்தைக் கொல்லைன்னு காட்டி நட்டஈடு வாங்கப் பாத்தியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "புத்தி கெட்டுப்போச்சுங்க. வேணும்னா பழைய பதிவேட்டப் பாத்துக்குங்க."

பழைய பதிவேடு பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தது; பிரெஞ்சில் இருந்தது. செல்லையனுக்குப் பிரெஞ்சு தெரியாது. எதையும் தெரியாது என்று சொல்லும் பழக்கமும் இல்லை. கையோடு கொண்டுவந்திருந்ததைப் புரட்டிப் பார்த்து, "குளம்னுதான் போட்டிருக்கு" என்றார்.

லோகாம்பாள் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். மறுநாளே கொம்யூன் ஆட்கள் வந்து நடுக்கொல்லையில் ஆள் உயரத்துக்குத் தோண்டினார்கள். இடைஞ்சலாக இருந்த அளவுக்கல்லைப் பிடுங்கிப் போட்டார்கள். 'நீர்நிலை. இங்கே கட்டடம் கட்டக் கூடாது' என்று செல்லையன் பலகை நட்டார்.

குளத்தில் சந்தை கட்ட முடியாதே! அதற்கு வேறு ஊரில் இடம் பார்த்தார்கள். ஒரு குளத்தைக் காப்பாற்றியதற்காகக் கமிஷனர் செல்லையனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஏனாம் கண்டம் கழிந்ததில் மனிதருக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

ஐப்பசி மழையில் குளம் நிரம்பியது.

மூன்று தலைமுறையாகக் கத்தரியைத் தவிர வேறெதையும் கண்டிராத தன் கொல்லையின் முதல் குளத்தில், மொட்டைக் கடுதாசி எழுதிய அதே கையால் லோகாம்பாள் குடத்தை முக்கினாள்.